பாப் என்றால் சாதம்: கொரியன் மெனுவைப் பிரித்துப் படிப்பது எப்படி?

நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல்களைப் பார்க்காமல் பஸ்ஸில் போக முடியாது. காரணம் எல்லோருக்கும் தெரியும். 1996-ல் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. கூடவே பாகங்கள் செய்யும் கொரிய கம்பெனிகளும் வந்தன. 2007-ல் சாம்சங் வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு வேணுமே, ஓட்டலும் வந்தது.

இப்போ நம்ம பசங்களும் பிறந்தநாள், ப்ளேஸ்மென்ட் ட்ரீட் என்று அங்கே போகிறார்கள். பிரச்சினை என்னன்னா, கொரிய சாப்பாடு ஆளுக்கு ஒரு பிளேட் என்ற கணக்கில் வராது. நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது அது. நாலு பேர் உட்காரும் மேஜையில் ஒருவர் சைவம், ஒருவர் பன்றிக்கறி தொடமாட்டார், ஒருவருக்கு மாட்டுக்கறி ஆகாது, ஒருவர் பர்ஸில் 300 ரூபாய்தான் இருக்கும். இது எதையும் பேசாமல் உட்கார்ந்தால், யாராவது ஒருத்தர் "எனக்குப் பசிக்கலடா" என்று சொல்லிவிட்டுத் தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். அந்த நிலைமை வராமல் இருக்கத்தான் இந்தப் பாடம்.

1. சொல்லைப் பிரியுங்கள்

கொரிய உணவுப் பெயர்கள் பெரும்பாலும் கூட்டுச் சொற்கள். எலுமிச்சை + சாதம் மாதிரிதான். சில துண்டுகள் தெரிந்தால் பாதி மெனு புரிந்துவிடும்.

பாப் – சாதம்
ம்யொன் – நூடுல்ஸ்
குக் – சூப்
ஜிகே – கெட்டியான குழம்பு
பொக்கும் – வதக்கியது
ஜொன் – தோசைக்கல்லில் சுட்ட அடை மாதிரி
கோகி – இறைச்சி
சோ – மாடு, துவெஜி – பன்றி, தாக் – கோழி

இப்போ சேர்த்துப் பாருங்க. பிபிம் என்றால் கலப்பது. பிபிம்பாப் என்றால் கலந்து, பிசைந்து சாப்பிடும் சாதம். அதையே சூடான கல் சட்டியில் கொடுத்தால் தொல்சொத் பிபிம்பாப். கல் சூட்டை மெதுவாகத்தான் விடும். அதனால் மேஜைக்கு வந்த பிறகும் அடியில் சாதம் முறுகிக்கொண்டே இருக்கும், நம்ம வீட்டுக் காந்தல் மாதிரி. புல்கோகியில் இருக்கும் 'புல்' நம்ம புல் இல்லை, கொரிய மொழியில் அது தீ. 'தீ இறைச்சி' என்று அர்த்தம். என்ன இறைச்சி என்று பெயரில் இல்லாவிட்டால் வழக்கமாக அது மாடு. சம்க்யொப்சல் என்றால் மூன்று அடுக்குச் சதை, அதாவது பன்றியின் வயிற்றுப் பகுதி.

2. கண்ணுக்குத் தெரியாத மீன்

சைவ நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உட்கார்ந்ததுமே பன்சான் என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். அதில் கிம்சி கட்டாயம் இருக்கும். பார்க்க வெறும் முட்டைகோஸ், மிளகாய், பூண்டு. ஆனால் வழக்கமான செய்முறையில் மீன் சாஸோ, உப்பில் ஊறிய இறாலோ சேரும். சூப்பும் ஜிகேயும் பல சமயம் நெத்திலிக் கருவாடு கொதித்த தண்ணீரில்தான் தொடங்கும். அதனால் "வெஜ்ஜா?" என்று மட்டும் கேட்காதீங்க. "மீன் சாஸ் இருக்கா? சூப் எதில் வச்சது?" என்று கேளுங்க. முட்டையும் இறைச்சியும் இல்லாத பிபிம்பாப், இறைச்சி போடாத ஜப்சே (சர்க்கரைவள்ளி மாவு நூடுல்ஸ்) இரண்டும் கேட்டுப் பார்க்கலாம். மேஜையிலேயே கறி சுட்டால், காய்க்குத் தனித் தட்டும் தனி இடுக்கியும் வாங்கிக்கொள்ளுங்க.

கிம்சி புளிப்பது எப்படி என்பதில் நமக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். லூக்கோனோஸ்டாக் மெசன்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா கிம்சியின் முதல் கட்டப் புளிப்பில் முக்கியமானது. அதே பாக்டீரியாதான் நம்ம இட்லி மாவிலும் வேலை செய்கிறது. இரண்டு இடத்திலும் அது லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. மாவில் அந்த வாயு இட்லியை உப்ப வைக்கும், கிம்சியில் நாக்கில் லேசாகச் சுருக்கென்று தெரியும். நம்ம சூட்டில் மாவு ஒரே ராத்திரியில் பொங்கிவிடும், குளிரில் வைக்கும் கிம்சிக்கு வாரக்கணக்கில் ஆகும்.

3. பில் கணக்கு

நடுவில் வைத்துச் சாப்பிட்டதை யார் எத்தனை வாய் சாப்பிட்டார் என்று பிரிக்க முடியாது. அதனால் தொகையை முதலில் முடிவு செய்யுங்க. குழுவிலேயே குறைவாக வைத்திருப்பவரின் தொகைதான் அளவு. உதாரணத்துக்கு, 4 பேர், தலைக்கு 400 என்றால் மொத்தம் 1,600. ஓட்டல் ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் 1,600 ÷ 1.05 = 1,523. மெனு விலைகளின் கூட்டல் இதைத் தாண்டக் கூடாது. யாரிடம் எவ்வளவு இருக்கு என்று மேஜையில் வைத்துக் கேட்காதீங்க, முந்தின நாளே தனித்தனியாகக் கேட்டுடுங்க.

ஆர்டர் வரிசையும் முக்கியம். எல்லோரும் சாப்பிடக் கூடியதை முதலில் சொல்லுங்க, சிலர் மட்டும் சாப்பிடுவதைக் கடைசியில். கறி சுடுவதற்கு ஆகும் செலவைக் கறி சாப்பிட்டவர்கள் மட்டும் பிரித்துக்கொள்வது நியாயம்.

4. மேஜை மரியாதை

நம்மில் பலர் நாளைக்கு இந்தக் கம்பெனிகளிலேயே டிரெயினியாகச் சேரலாம். கொரிய மேனேஜரோடு சாப்பிட உட்கார்ந்தால், பெரியவர் ஸ்பூன் எடுத்த பிறகு நீங்க எடுங்க. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையால். சாதமும் சூப்பும் ஸ்பூனில்தான். சாப்ஸ்டிக்கைச் சாதத்தில் நட்டு வைக்காதீங்க, அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. குடிக்க மாட்டேன் என்றால் முதலிலேயே சிரித்தபடி சொல்லிவிடலாம், அது மரியாதைக் குறைவு இல்லை.

5. பயிற்சி

(அ) கிம்சி பொக்கும்பாப் (ஆ) துவெஜி புல்கோகி (இ) சோகோகி குக். இவை என்ன? மேஜையில் இருக்கும் சைவ நண்பருக்கு எது ஆகும்?

விடை: கிம்சி போட்டு வதக்கிய சாதம், பன்றி புல்கோகி, மாட்டிறைச்சி சூப். சைவ நண்பருக்கு மூன்றுமே ஆகாது. முதலாவதில் அரிசியும் முட்டைகோஸும் இருந்தாலும், கிம்சிக்குள் மீன் இருக்கிறதே! இந்த மூன்றையும் மட்டும் ஆர்டர் செய்தால் ஒருத்தர் பட்டினி. நாலாவதாக என்ன சொல்வீங்க என்பதுதான் உண்மையான கேள்வி.

கடைசியாக ஒரு வாக்கியம். கொரியர்கள் நலம் விசாரிக்கக் கேட்பது "பாப் மொகொஸ்ஸொயோ?" துண்டு துண்டாகப் பிரித்தால், "சாதம் சாப்பிட்டீங்களா?" நம்ம ஊரிலும் இதைத்தானே முதலில் கேட்கிறோம். மேஜையில் இருக்கும் நாலு பேரும் "சாப்பிட்டேன்" என்று சொல்ல முடிந்தால், ஆர்டர் சரி.