மகசூல் கட்டப்படத்தில் பாத்திகளைக் குறிக்கும் முறை

ஒரே விதை, ஒரே எரு இட்ட வயலிலும் பாத்திக்குப் பாத்தி மகசூல் வேறுபடும். இதனை அளந்தறியும் பொருட்டு, 1910-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் பரீட்சைப் பண்ணையில், மெர்சர், ஹால் என்போர் ஒரு ஏக்கர் கோதுமை வயலை 20 வரிசையும் 25 பத்தியுமாக, 500 பாத்திகளாகப் பிரித்து நிறுத்தனர். அக்கணக்கைப் பைத்தன் மொழியின் மேட்பிளாட்லிப் சாதனத்தில் ‘இம்ஷோ’ என்னும் கட்டளையால் வரைந்தால், ஒவ்வொரு பாத்தியும் தன் மகசூலுக்கேற்ற நிறமுள்ள கட்டமாகத் தோன்றும்.

இப்படத்தில் 4 முதல் 7 வரையுள்ள வரிசைகளில், 10 முதல் 14 வரையுள்ள பத்திகளைச் செவ்வகக் கோட்டால் சூழ்ந்து காட்டவேண்டும் எனக் கொள்க. அதற்குரிய விதிகளாவன:

1. சாதனம் 0 முதல் எண்ணும். ஆகவே 10-ஆம் பத்தி 9 எனவும், 4-ஆம் வரிசை 3 எனவும் ஆகும்.

2. அவ்வெண் கட்டத்தின் நடுவைக் குறிக்கும்; ஓரத்தையன்று. ஆதலால் அரை கழித்து, தொடக்க மூலையை 8.5, 2.5 எனக் கொடுத்தல் வேண்டும். அகலம் 5, உயரம் 4.

3. அட்டவணையில் வரிசை முன்வரும். செவ்வகத்திற்கோ பத்தியெண்ணே முன்வரும்.

4. செவ்வகத்தின் உட்புறம் நிறமின்றி இருத்தல் வேண்டும். இன்றேல் பாத்திகளின் நிறம் மறையும்.

அரை கழிக்காவிடில் கோடு பாத்திகளின் நடுவே ஓடும். எண்கள் மாறினால் வேறு பாத்திகளே குறிக்கப்படும். வளங்குன்றிய இடத்தை விட்டு நல்ல நிலத்திற்கு எருவிட இப்பிழை ஏதுவாகும். ஆகவே, படத்தை வெளியிடுமுன் நான்கு மூலைப் பாத்திகளின் மகசூலை அறுவடைப் பதிவேட்டுடன் ஒத்துப்பார்த்தல் அவசியம்.