கோப்பின் அனுமதியை மாற்றியது யார்?

அலோர் காஜா வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளில் வளர்ந்தோர் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின், பழைய குழுப்படங்களுக்கும் பள்ளி மலர்களுக்கும் முன்னாள் மாணவர்களின் அகப்பக்கமே புகலிடம். அப்படியொரு பக்கம் ஒருநாள் காலையில் '403, அனுமதி இல்லை' என்று மட்டும் காட்டினால்? நேற்றுச் சரிசெய்த கோப்பு இன்று மீண்டும் மாறியிருந்தால்? லெண்டுவிலோ டுரியான் துங்கலிலோ பயிலும் நம் மாணவரைத்தான் தேடி வருவார்கள்.

லினக்ஸ் வழங்கியில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என முத்தரப்பினர் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் கிராணி எழுதுவார். தண்டலும் தொழிலாளரும் பார்க்க மட்டுமே செய்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே 644. கோப்புறைக்குப் பொதுவாக 755.

பக்கம் திறக்கவில்லை என்றதும் பலர் 'சிமாட் 777' என்று கட்டளையிட்டு விடுகின்றனர். யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் எழுதலாம் என்றாகிவிடும். அதோடு தடயமும் அழிந்துவிடும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கோப்பின் உள்ளடக்கம் மாறிய நேரத்தையும் அதன் நிலை மாறிய நேரத்தையும் லினக்ஸ் தனித்தனியே குறித்து வைக்கிறது. அனுமதி மாறும்போது இரண்டாவது மட்டுமே நகரும். நாம் சிமாட் இட்ட நொடியில், முன்பு மாற்றியவரின் நேரம் போய் நம் நேரம் அங்கே ஏறிவிடும். ஆகவே, எதையும் தொடுமுன் 'ஸ்டாட்' கட்டளையை இட்டு, அது காட்டுவதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்நேரம் மலேசிய நேரம்தானா என்று பார்க்க வேண்டும். வழங்கி உலகப் பொது நேரத்தில் இயங்கினால் 8 மணி நேரம் கூட்டுக. அங்கே இரவு 7 என்றால் நமக்கு விடியற்காலை 3. நாள்தோறும் அதே வேளையில் மாறினால், 'கிரான்' பட்டியலிலுள்ள காப்புநகல் வேலையைச் சந்தேகிக்கலாம்.

ஸ்டாட் காட்டும் ஐநோடு எண்ணும் பயன்படும். நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் வேறானால், பழைய கோப்பின் அனுமதி மாறவில்லை. அதன் இடத்தில் புதுக் கோப்பு வந்திருக்கிறது. சில தொகுப்பான்கள் இப்படித்தான் சேமிக்கும். புதுக் கோப்பின் அனுமதியைப் பெரும்பாலும் 'உமாஸ்க்' முடிவு செய்யும்: 022 என்றால் 644, 077 என்றால் 600. இந்த 600-இல் ஒரு வேடிக்கை உண்டு. பிஎச்பி நிரல் உரிமையாளர் பெயரிலும் அப்பாச்சி வேறு பெயரிலும் இயங்கும் வழங்கியில் எழுத்துகள் தெரியும், படங்கள் தெரியா!

சில வேளைகளில் கருவியே குற்றவாளி. 2018 பிப்ரவரியில் வந்த என்பிஎம் 5.7.0 பதிப்பைச் 'சூடோ'வுடன் இயக்கிய லினக்ஸ் கணினிகளில் இயங்குதளக் கோப்புகளின் உரிமையாளரே மாறிப்போனார். உடனடியாக 5.7.1 வந்து அதைத் திருத்தியது.

மேற்கண்ட எதுவும் பொருந்தாமல், அறிமுகமில்லாத பிஎச்பி கோப்புகளும் தென்பட்டால், ஊடுருவல் என்றே கொண்டு கடவுச்சொற்களை மாற்றுங்கள். தூய காப்புநகலிலிருந்து தளத்தை மீட்டெடுங்கள். சொந்த வழங்கியென்றால் 'ஆடிட்டி' கண்காணிப்பை அக்கோப்புறைமீது அமைத்தால், அடுத்த முறை மாற்றிய நிரலின் பெயர் பதிவாகும். பகிர்வு வழங்கியில் அவ்வசதி நமக்குக் கிட்டாது. குறித்து வைத்த நேரத்தை நிறுவனத்துக்கு அனுப்பி, அவ்வேளையின் பதிவேட்டைக் கேளுங்கள்.