பெரிய வயதில் காணும் உதிரம்: ஹைளா, இஸ்திஹாளாவா, நோயா?

நாற்பத்தைந்தைத் தாண்டிய தாய்மார்களில் பலர், உதிரம் கண்டபடி போனாலும் “நிற்கப் போகிற வயது, அப்படித்தான்” என்று சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இதனால் இரண்டு நஷ்டங்கள். தொழ வேண்டிய நாட்களில் தொழுகை விடுபடுகிறது. நோய் இருந்தால் அதுவும் உள்ளே வளர்கிறது.

மார்க்கச் சட்டம்

ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். கூடிய அளவு 15 நாட்கள். ஹனஃபீ மத்ஹபில் குறைந்தது 3 நாட்கள், கூடியது 10 நாட்கள். அதையும் கடந்து ஓடினால் இஸ்திஹாளா கலந்துவிட்டது. பழைய வழக்கம், உதிரத்தின் நிறம் முதலியவற்றைக் கொண்டு ஹைளு நாட்களைப் பிரிக்க வேண்டும். மற்ற நாட்களில் தொழுகையும் நோன்பும் கடமையே. வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒளுச் செய்து தொழ வேண்டும். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் இதைப்பற்றி நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். மஸ்அலா கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

மருத்துவம் கூறுவது

தொடர்ந்து 12 மாதம் உதிரம் வராவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டது என்பர். அதன்பின் ஒரு துளி பட்டாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதே. சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயாக இருக்கும்.

ஸ்கேன் ஒலி அலையால் பார்ப்பது, கதிர்வீச்சு கிடையாது. கட்டி, சதை வளர்ச்சி, கருப்பையின் உட்சவ்வு தடித்திருப்பது எல்லாம் அதில் தெரியும். மாதவிடாய் நின்றவருக்குச் சவ்வு 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவானால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. கூடினாலோ, உதிரம் திரும்பத் திரும்ப வந்தாலோ சவ்வில் சிறிது எடுத்துச் சோதிக்க வேண்டும். மாதவிடாய் இன்னும் நிற்காதவருக்குச் சவ்வு மாதத்துக்குள்ளேயே கூடிக் குறையும். ஆகவே ஸ்கேன் அளவை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது.

கவனிக்க

நின்றுபோன பிறகு வரும் உதிரத்தையும், அளவு பொருந்தினால், ஷாஃபிஈ சட்டப்படி ஹைளாகக் கணக்கிட நேரலாம். அது தொழுகைக்குரிய தீர்ப்பு. உடம்பில் நோயில்லை என்பதற்குச் சான்றல்ல. தொழுகைக்கு ஆலிமிடமும் நோய்க்கு மருத்துவரிடமும் கேளுங்கள்.

உள்வழியாகச் செய்யும் ஸ்கேனே சவ்வைத் தெளிவாகக் காட்டும். பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். ஷாஃபிஈ சட்டப்படி இது நோன்பை முறிக்கும் என்பதால், ரமளானில் இரவு நேரத்தில் செய்துகொள்வது நலம். அவசரமென்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாமல் செய்துகொண்டு, நோன்பைக் கழாச் செய்யுங்கள். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனையும் உள்ளன.

உதிரம் கண்ட தேதி, நின்ற தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். ஆலிம், மருத்துவர் இருவருமே முதலில் கேட்பது அதைத்தான்.