சூசை என்னும் பெயர்



சில வாரங்களுக்கு முன் ஒரு குடும்பத்தார் தங்கள் ஆண் குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டு வந்தார்கள். பதிவேட்டைத் திறந்து, "குழந்தைக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன். குழந்தையின் அப்பாயி முந்திக்கொண்டு, "அவுங்க பேரையே வையுங்க சாமி" என்றார். கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழகாத தலைமுறை. மகன்தான், "எங்க அப்பா பேரு சூசை, சாமி" என்று விளக்கினார். தாய்வீட்டாரில் ஒருவர், "இந்தக் காலத்தில் சூசை என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்ய மாட்டார்களா?" என்றார். நானும் யோசியாமல், "ஜோசப் என்று எழுதிக்கொள்ளலாமே" என்று சொல்லி எழுதிவிட்டேன். எல்லாரும் சம்மதித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

எழுதியதில் பிழை இல்லை. இரண்டும் ஒரே பெயர்தான். ஆனால் சூசை என்பது வெட்கப்பட வேண்டிய பெயரல்ல என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டியவன் நான், சொல்லாமல் விட்டேன். அந்தக் கடனை இந்த வாரப் பாடத்தில் தீர்க்க விரும்புகிறேன்.

பெயரின் பொருள் என்ன?

எபிரேய மொழியில் இப்பெயர் யோசேப் என்று வழங்கும். "அவர் கூட்டித் தருவாராக" என்பது பொருள். நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்த இராக்கேல், தலைப்பிள்ளையைப் பெற்றபோது, ஆண்டவர் இன்னுமொரு மகனையும் கூட்டித் தர வேண்டுமென்று விரும்பி இப்பெயரை இட்டாள் என்று ஆதியாகமம் 30-ம் அதிகாரம் கூறுகிறது. எனவே இப்பெயர் ஒரு செபம். பெயரைப் பெற்றவனுக்கு மட்டுமல்ல, அவனுக்குப் பின் வருகிறவனுக்கும் நன்மை கேட்கும் செபம். இதை மனதில் வைத்துக்கொண்டு, இப்பெயரைத் தாங்கியவர்களைப் பாருங்கள்.

வேதாகமத்தில் இப்பெயர் பெற்றோர்

முதலாமவர் யாக்கோபின் மகன். 17 வயதில் உடன்பிறந்தாரால் 20 வெள்ளிக் காசுக்கு விற்கப்பட்டார். 30 வயதில் எகிப்து அரசனுக்கு முன் நின்றார். விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் சொன்னார். பின்வந்த ஏழு ஆண்டுப் பஞ்சத்தில் அந்தத் தானியமே எகிப்தியரையும், தம்மை விற்ற சகோதரரையும் காப்பாற்றியது. மானாவாரிச் சோளத்தையும், பட்டறை போட்டுக் காத்த சின்ன வெங்காயத்தையும் நம்பி வாழும் பெரம்பலூர்ப் பக்கத்து மக்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டுவதில்லை.

அடுத்தவர் நம் அர்ச். சூசையப்பர். சுவிசேஷங்களில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை அர்ச். மத்தேயு எழுதி வைத்திருக்கிறார்: குழந்தைக்குச் சேசு என்று பெயரிட்டவர் அவரே. உலக இரட்சகருக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு ஒரு தச்சருக்குக் கொடுக்கப்பட்டது. பிள்ளைக்குப் பெயரிடுவதைச் சிறு காரியமாக எண்ணுகிற தகப்பன்மார் இதைச் சிந்திப்பார்களாக.

இன்னும் மூவர் உண்டு. அரிமத்தேயா ஊர்ச் சூசை தமக்கென வெட்டி வைத்திருந்த கல்லறையைச் சேசுநாதருக்குக் கொடுத்தார். யூதாசின் இடத்துக்கு நிறுத்தப்பட்ட இருவரில் ஒருவர் பர்சபா எனப்பட்ட சூசை. சீட்டு மத்தியாசுக்கு விழுந்தது. அவர் முணுமுணுத்ததாக எங்கும் எழுதப்படவில்லை. மூன்றாமவரை நீங்கள் பர்னபா என்றே அறிவீர்கள். சீப்புரு தீவினரான அவருடைய சொந்தப் பெயரும் சூசைதான். அவர் தம் நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலர்களின் பாதத்தில் வைத்தார். மனந்திரும்பிய சவுலை யாரும் நம்பாதபோது, அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போய் அப்போஸ்தலர்களிடம் சேர்த்தவரும் அவரே. அர்ச். சின்னப்பரின் பெரும் பணிக்கு முன்னால் இந்தச் சூசையின் துணிவு நிற்கிறது.

பெயர் நாடு கடந்த விதம்

ஒரே பெயர் ஊருக்கு ஊர் உருமாறியது. இத்தாலியர் ஜூசெப்பே என்றார்கள். ஸ்பெயின் நாட்டார் ஹோசே என்றார்கள். அரபு மொழியில் யூசுப் ஆயிற்று. குர்ஆனில் ஓர் அதிகாரமே அப்பெயர் பெற்றது. லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் யூசுப் என்ற பெயருடைய அன்பர் எவரையேனும் சந்தித்தால், அவரும் நம் சூசைக்குப் பெயர் உறவினர் என்று அறியுங்கள். மலையாள நாட்டில் ஔசேப்பு. போர்த்துக்கேயர் சொன்ன ஜோசே என்பது தமிழர் நாவில் சூசை ஆயிற்று. ஆகவே சூசை பட்டிக்காட்டுப் பெயரும் அல்ல, ஜோசப் நாகரிகப் பெயரும் அல்ல. ஒரே ஆற்றின் இரு வாய்க்கால்கள் அவை.

பிற்காலத்திலும் இப்பெயர் தன் பொருளை விடவில்லை. கோவாவில் 1651-ல் பிறந்த அர்ச். யோசேப் வாஸ், ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் இன்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கருக்காக 1687-ல் மாறுவேடத்தில் கடல் கடந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். கண்டியில் வைசூரி பரவியபோது, கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்று பணிவிடை செய்தார். 1711-ல் அங்கேயே மரித்த அவருக்கு 2015-ல் அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பட்டது. ஜூசெப்பே சார்த்தோ என்ற ஏழை வீட்டுப் பிள்ளை பத்தாம் பத்திநாதர் என்ற பாப்பரசராகி, புத்தி தெளிந்த ஏழு வயதளவில் சிறுவர்கள் நற்கருணை வாங்கலாம் என்று 1910-ல் வழி திறந்தார். உங்கள் பிள்ளைகள் புதுநன்மை வாங்கும் நாளில் இந்தச் சூசையை நன்றியோடு நினையுங்கள்.

நம் மண்ணில்

வாஸ் அடிகள் கண்டியில் மரித்த அதே 1711-ம் ஆண்டில் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார் இன்னொரு யோசேப்பு. இத்தாலியில் 1680-ல் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜூசெப்பே பெஸ்கி அவர். கொன்ஸ்தான்சோ என்றால் உறுதியுள்ளவர். அதைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். பின்னர் வீரமாமுனிவர் ஆனார். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் தேவதாய்க்கு அடைக்கல மாதா என்ற பெயரால் கோயில் எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடியவர் அவரே. அரியலூர் வழியாக அங்கே திருயாத்திரை போகாத குடும்பம் நம் பங்கில் அரிது.

தம்முடைய இரண்டாம் பெயரை அவர் என்ன செய்தார்? தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. அப்பெயருக்கு உரிய பெரியவரைப் பாடினார். 1726-ல் முடிந்த தேம்பாவணி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காவியம். அதன் தலைவர் சூசையப்பர். அவருக்கு அதில் வளன் என்று பெயர். கூட்டித் தருதல் என்ற எபிரேயப் பொருளை வளம் என்ற தமிழ்ச் சொல்லில் கண்டுகொண்டார் முனிவர். ஒலியை அல்ல, பொருளை மொழிபெயர்த்தார்.

இன்னொன்றும் செய்தார். அக்காலத்து ஏடுகளில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் பெரும்பாலும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. யோசேப்பு என்று எழுதினால் யொசெப்பு என்றும் வாசிக்க இடமிருந்தது. நெடிலுக்குத் தனிக் கொம்பு காட்டி அந்த மயக்கத்தைத் தீர்த்தார். அவருடைய சொந்தப் பெயரையே ஐயமின்றி வாசிக்க உதவும் அந்தச் சீர்திருத்தத்தால், இன்று மதபேதமின்றித் தமிழர் அனைவரும் பயன் அடைகிறார்கள். இது கூட்டித் தருதல் அல்லவா?

நாம் கற்றுக்கொள்வது

இவர்களில் எவரும் தமக்காகப் பெருக்கியவர் அல்லர். ஒருவர் தானியத்தைப் பெருக்கினார், ஒருவர் கல்லறையைக் கொடுத்தார், ஒருவர் நிலத்தை விற்றார், ஒருவர் எழுத்தைத் திருத்தினார். பிறர் பங்கு கூடிற்று. பெயரின் பொருள் இதுவே. ஜோசப் என்று அழைத்தாலும் சூசை என்று அழைத்தாலும், இப்படி வாழாதவனுக்குப் பெயர் வெறும் ஓசை.

ஆகவே இவ்வாரத்துக்கு மூன்று தீர்மானங்கள் செய்துகொள்வோம்:

1. வீட்டில் ஒவ்வொருவரும் தம் ஞானஸ்நானப் பெயரின் பொருளையும், அப்பெயருடைய அர்ச்சியசிஷ்டரின் வரலாற்றையும் கேட்டறியுங்கள். தெரியாவிட்டால் பூசைக்குப் பின் என்னிடம் வாருங்கள்.

2. குழந்தைக்குப் பெயர் வைக்குமுன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய பெயர் என்று தள்ளுமுன், அப்பெயரோடு வாழ்ந்தவர் எப்படி உழைத்தார், யாருக்கு உதவினார் என்று அவர்கள் சொல்லட்டும்.

3. புதன்கிழமை சூசையப்பருக்குரிய நாள். அன்று உங்கள் கையால் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒன்று கூடட்டும்: ஒரு படி அரிசி, ஒரு மணி நேர உதவி, ஒரு நல்ல சொல்.

நான் முதலில் சொன்ன குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. பதிவேட்டைத் திருத்த வேண்டியதில்லை. ஜோசப் என்பதும் சூசைதான். வீட்டில் பிள்ளையைச் சூசை என்றே கூப்பிடுங்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது சிரித்தால் வளன் என்ற பெயரின் கதையை அவன் சொல்லட்டும். அப்பாயி அம்மாள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. "ஐயா" என்றே கூப்பிடட்டும். ஆனால் இராச் செபத்தின் முடிவில் "சேசு மரி சூசை" என்று சொல்லும்போது, இரண்டு சூசைகளுக்காகவும் சேர்த்தே வேண்டிக்கொள்ளட்டும்.

உங்கள் பங்குக் குரு.