ஆண்டைச் சரிபார்த்து எழுது, மகளே

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது.

தமிழ் விக்கிப்பீடியாவுக்காக நீ எழுதிய வரைவு கிடைத்தது. தொடக்கக்கல்லூரிப் பாடச்சுமைக்கு நடுவில், யாரும் கேட்காமலே சிங்கப்பூரின் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியைப் பற்றி எழுத உட்கார்ந்தாயே, அதற்கே உன்னை மெச்ச வேண்டும். பதிவேற்றுமுன் பார்த்துத் தரச் சொன்னாய். பார்த்தேன். சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் தொலைபேசியில் பேசாமல் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

முதலில் ஒன்றை மனத்தில் வை. இன்று நடந்துகொண்டிருக்கும் பள்ளியைப் பற்றித் தவறாக எழுதினால், அந்தப் பள்ளியிலிருந்தே யாராவது திருத்தச் சொல்வார்கள். இந்தப் பள்ளியோ 1982-இல் மூடப்பட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள அலுவலகம் இல்லை. மறுப்பு எழுத முதல்வர் இல்லை. நீ எழுதுவதை நாளைக்கு மாணவர்கள் ஒப்படைப்புக்கு எடுப்பார்கள், விழா மேடையில் பேசுவார்கள், மலர்களில் அச்சிடுவார்கள். மூடிய பள்ளி தன்னைப் பற்றிய பிழையைத் தானே திருத்திக்கொள்ள முடியாது. அந்தப் பொறுப்பு உன் தலையில் விழுகிறது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்துதான்.

அச்சகத்தில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில், வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிப்போம். அடுத்த வரி கண்ணில் படக்கூடாது. பட்டால் மனம் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும், எழுத்து தப்பிவிடும். உன் முதல் வாக்கியத்தையும் அப்படித்தான் படித்தேன். “உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1946-இல் லிட்டில் இந்தியாவில் தொடங்கப்பட்ட, தென்கிழக்காசியாவின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளி ஆகும்.” படிக்கத் தடங்கல் இல்லை. ஆனால் இதற்குள் ஆண்டு, இடம், பெருமை என்று மூன்று செய்திகள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஆண்டை எடுத்துக்கொள். 1946-இல் தொடங்கியது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. அதைத் தொடங்கியது 1941-இல் அமைந்த சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக். ஜப்பானியர் ஆட்சி முடிந்த மறு ஆண்டே, ஊரே பசியிலிருந்து மீளாத நேரத்தில், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்று முனைந்தவர்கள் அவர்கள். ஆனால் அப்போது அது தொடக்கப்பள்ளிதான். உயர்நிலை வகுப்புகள் வந்தது 1960-இல். பள்ளி தொடங்கிய ஆண்டு என்று 1946-ஐச் சொல்வதும் சரி, உயர்நிலைப்பள்ளியான ஆண்டு என்று 1960-ஐச் சொல்வதும் சரி. 1946-இல் உயர்நிலைப்பள்ளி தொடங்கியது என்று எழுதினால் அது பிழை. எந்த ஆண்டையும் வெறும் எண்ணாக எழுதாதே. அந்த ஆண்டில் நடந்தது என்ன என்பதையும் சேர்த்தே எழுது.

அடுத்தது இடம். தமிழ்ப் பள்ளி என்றதும் உன் தலைமுறைக்குத் தேக்காவும் சிராங்கூன் சாலையும் நினைவுக்கு வருகின்றன. இந்தப் பள்ளி பிறந்தது தஞ்சோங் பகார் வட்டாரத்தில். துறைமுகத்தை ஒட்டி அங்கே கடையநல்லூர்க் குடும்பங்கள் குடியிருந்தன. பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளி வேண்டியிருந்தது. உன்னைக் குழப்பியது எது என்றும் எனக்குத் தெரியும். பள்ளி மூடப்பட்டதை ஒட்டி, 1980-களின் தொடக்கத்தில், அதே பெயரில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் வந்தது. அந்த நிலையம் இன்று லிட்டில் இந்தியா வட்டாரத்தில் பீட்டி சாலையில் இருக்கிறது. உன் தோழிகள் பள்ளி முடிந்து தமிழ் படிக்கப் போனது அங்கேதான். நிலையத்தின் முகவரியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டாய். தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, மொழி நிலையம் ஆகிய மூன்றும் ஒரு புலவரின் பெயரைத் தாங்கியவை. மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி எழுது, குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது அந்த “ஒரே.” சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி என்றால் அதற்குச் சான்று காட்டலாம். “தென்கிழக்காசியாவின்” என்று நீட்டினால் மலேசியா முதல் மியன்மார் வரை ஒவ்வொரு நாட்டிலும் அப்படியொரு பள்ளி இருந்ததில்லை என்று நீ காட்ட வேண்டும். காட்ட முடியுமா? முடியாதென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடு. அதனால் பள்ளியின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. தமிழிலேயே அறிவியலும் கணக்கும் படித்து உயர்நிலையை முடிக்கலாம் என்று ஒரு சிறுபான்மைச் சமூகம் நடத்திக் காட்டியதே போதுமான பெருமை.

இப்போது கடையநல்லூருக்கு வா. “தென்காசி மாவட்டம்” என்று போட்டிருக்கிறாய். இன்றைய நிலவரப்படி சரி. ஆனால் தென்காசி தனி மாவட்டமானது 2019-இல். அந்த மக்கள் கப்பலேறிய காலத்தில் அது திருநெல்வேலி மாவட்டம். “அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கடையநல்லூர்” என்று எழுதினால் இரு காலத்து வாசகரும் தடுமாற மாட்டார்கள்.

பள்ளி ஏன் மூடப்பட்டது என்ற பத்தியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். “எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலவழிக்கு மாற்றப்பட்டதால் 1982-இல் மூடப்பட்டது” என்று எழுதியிருக்கிறாய். பள்ளிகள் எல்லாம் ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்ட ஒரே அமைப்பின் கீழ் வந்தது 1987-இல். ஐந்து ஆண்டு கழித்து வந்த மாற்றம் முன்னால் நடந்த மூடலுக்குக் காரணமாக முடியாது. அதற்கு வெகுகாலம் முன்பே பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். தமிழ்வழித் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். அங்கிருந்து வர வேண்டிய மாணவர் வராதபோது உயர்நிலைப்பள்ளி எப்படி நிற்கும்? இதை எழுதும்போது அரசைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம், வேலைவாய்ப்பை நினைத்துப் பிள்ளையை மாற்றிய தகப்பனைப் பழிக்கவும் வேண்டாம். மாணவர் எண்ணிக்கை எந்த ஆண்டில் எவ்வளவு என்று ஆவணம் கிடைத்தால் அதைக் கொடு. வாசகர் தாமே புரிந்துகொள்வார். உன் வருத்தம் எனக்குத் தெரியும், எனக்கும் அது உண்டு. அது உன்னைத் தேட வைக்கட்டும். வாக்கியத்துக்குள் அதற்கு இடமில்லை.

எங்கே தேடுவது என்று கேட்டிருந்தாய். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்திலிருந்து தொடங்கு. லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் சங்க மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள் பற்றி நூலகரிடம் கேள். கேட்டால் மிகவும் உதவுவார்கள். கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பார்க்கலாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்சும் அங்கே உண்டு. ஆங்கில நாளிதழ்களில் தேடும்போது உமர், உமறு, உம்மர் என்று எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார். தேடுபொறி கைவிட்டால் தேதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டு. அதில் சோம்பல் கூடாது.

கிடைத்ததை எப்படிப் படிப்பது என்பது அதைவிட முக்கியம். “அடுத்த மாதம் புதிய கட்டடம் திறக்கப்படும்” என்று நாளிதழ் சொன்னால் அது அறிவிப்பு. திறந்தார்களா என்பதற்கு அடுத்த மாத இதழைப் பார்க்க வேண்டும். மலரில் வரும் வாழ்த்துரை அன்பில் எழுதப்பட்டது. ஆசிரியர் பெயர்களுக்கு நம்பலாம், “நாட்டிலேயே முதல்” என்பதற்கு நம்பாதே. நூலக வாரியத்தின் இன்ஃபோபீடியா கட்டுரைகளின் கீழே அந்தத் தகவல் எந்தத் தேதி நிலவரப்படி சரி என்று குறித்திருப்பார்கள். அந்தத் தேதியையும் எழுதிக்கொள். இணையத்தில் நாலு தளங்களில் ஒரே வாக்கியம் இருந்தால் நாலு சான்று என்று எண்ணிவிடாதே. பெரும்பாலும் மூன்று பேர் ஒருவரைப் பார்த்து எழுதியிருப்பார்கள், அந்த ஒருவர் விக்கிப்பீடியாவின் பழைய வடிவத்தைப் பார்த்து எழுதியிருப்பார். செயற்கை நுண்ணறிவுச் செயலி தருகிற பதிலும் அப்படித்தான். எந்த நூல், எந்தப் பக்கம் என்று உன் கண்ணால் பார்க்காமல் ஒன்றையும் ஏற்றாதே. இரண்டு நல்ல சான்றுகள் முரண்பட்டால் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை மறைக்காதே. இரண்டையும் கொடு, முரண்பாட்டை உரையாடல் பக்கத்தில் சொல்லு.

முன்னாள் மாணவர் பட்டியல் ஒன்று இணைத்திருக்கிறாய். அச்சில் வந்த சான்று உள்ள பெயர்களை மட்டும் வை. உறவினர் என்பதற்காகவும், பக்கத்து வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார் என்பதற்காகவும் உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை உலகம் பார்க்கும் பக்கத்தில் போடுவது முறையல்ல.

இவ்வளவு பாடு எதற்கு என்று நினைக்காதே. நம் மொழியில் கலைக்களஞ்சியம் எழுதியவர்கள் இதைவிடப் பாடுபட்டவர்கள். பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாக உழைத்து அபிதான சிந்தாமணியைத் தொகுத்தார். 1910-இல் அது வெளிவந்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளைக் கொண்டுவர 1954-இலிருந்து 1968 வரை ஆயிற்று. அவர்கள் பிழை விட்டால் மறுபதிப்பு வரை காத்திருக்க வேண்டும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பிழையை இன்றிரவே திருத்தலாம். சரியானதை இன்றிரவே கெடுக்கவும் யாராலும் முடியும். அதனால்தான் ஒவ்வொரு செய்திக்கும் அருகிலேயே சான்று நிற்க வேண்டும். “சான்று தேவை” என்று யாராவது குறியிட்டால் கோபப்படாதே. உன் கட்டுரையைப் பொறுப்போடு படித்த ஒருவர் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பில் படித்தவர்களே அறுபதை ஒட்டிவிட்டார்கள். முன்னால் படித்தவர்களும் பாடம் சொன்னவர்களும் அதற்கும் மேல். அவர்கள் வாய்மொழியாகச் சொல்வதைக் கட்டுரையில் அப்படியே சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் எந்த ஆண்டு இதழைப் புரட்ட வேண்டும் என்று அவர்கள்தான் வழிகாட்டுவார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-இலிருந்து இப்படிப்பட்ட நினைவுகளைப் பதிந்து வைத்து வருகிறது. அங்கே முறையாகச் சேர்ந்துவிட்ட பேட்டியைப் பிறகு வருபவர்கள் எடுத்துக் காட்டலாம். ஆகவே இவர்களைப் பேட்டி காண முடியுமா என்று அந்த நிலையத்துக்கு எழுதிக் கேள். அதற்கிடையில் உனக்குத் தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவரிடமாவது அனுமதி வாங்கிக்கொண்டு, தேதியும் இடமும் சொல்லிப் பேச்சைப் பதிவுசெய். வகுப்பறை எங்கே இருந்தது, எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம், தேர்வு எழுதிய பின் எங்கே வேலை கிடைத்தது என்று கேள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

திருத்திய வரைவை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்றின் பெயர், தேதி, பக்க எண்ணோடு எனக்கு அனுப்பு. சிவப்பு மையோடு காத்திருக்கிறேன். ஆனால் பேட்டியை முதலில் முடி. நாளிதழ்கள் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன, அடுத்த ஆண்டும் இருக்கும். பெரியவர்கள் விஷயத்தில் நாள் தள்ளாதே.

அன்புடன்,
பெரியப்பா