எதிர்காற்று

கோவில்பட்டியைச் சூழ்ந்த நிலம் கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் அப்பரந்த வெளியில் நிழல் தரும் மரங்கள் அரியவை. ஆனியிலும் ஆடியிலும் அங்கே காற்று ஓயாது வீசும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, தடுப்பார் எவருமின்றிச் சமவெளியில் பாய்கிறது. அதனைப் பயன்கொள்ளவே கயத்தாற்றுப் பகுதியில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

காற்றாலைக்கு நட்பாகிய அக்காற்று மிதிவண்டிக்குப் பகையாகும். எட்டயபுரத்திலிருந்து மேற்கு நோக்கிக் கோவில்பட்டிக்கு வரும் உழவர் ஒருவரை ஆடித் திங்களில் காண வேண்டும். அவர் முதுகு வளைகிறது; வேட்டி படபடக்கிறது; சக்கரமோ நகர மறுக்கிறது. ஈற்றில் அவர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வழியே இவ்வாறு வருத்துமாயின், ஒரே நாளில் 180 கிலோமீட்டர் மிதிப்பவர் நிலை என்னாகும்? அத்தகைய கடும்பயணம் ஒன்று விளையாட்டு உலகில் உண்டு. அதுவே நெடுந்தொலைவு டிரையத்லானின் நடுப்பகுதி.

டிரையத்லான் என்பது நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த போட்டி. அதன் நெடுந்தொலைவு வகையில் முதலில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்ட வேண்டும். இது கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குச் சென்று மீளும் வழியினும் சற்றே குறைவு. வண்டியை விட்டு இறங்கிய பின்னும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம் எஞ்சியிருக்கும்.

இப்போட்டி 1978 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள், ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஓவாஹு என்னும் தீவில் தொடங்கிற்று. நீந்துவோர், ஓடுவோர், மிதிவண்டி ஓட்டுவோர் ஆகியோருள் வலிமை மிக்கவர் யார் என்னும் வாதமே இதற்கு வித்து. அவ்வாதத்தைப் போட்டியாக்கியவர்கள் அமெரிக்கக் கடற்படை அலுவலர் ஜான் காலின்சும் அவர் மனைவி ஜூடியும் ஆவர். அன்று 15 பேர் தொடங்கினர். 12 பேரே முடித்தனர்.

1981 ஆம் ஆண்டு இப்போட்டி ஹவாய்ப் பெருந்தீவுக்கு மாறியது. அங்கே மிதிவண்டிப் பாதை எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளியினூடே செல்கிறது. மண்ணுக்குப் பதில் பாறை என்பதொழிய, கரிசல் காட்டின் இயல்புகள் யாவும் அங்கும் உள்ளன. நிலம் கரியது, நிழல் இல்லை, வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் சுடும், காற்று திடீரென்று பாய்ந்து வண்டியைத் தள்ளும்.

காற்று இவ்வளவு வருத்துவது ஏன்? காற்றின் தடை வேகத்தின் அளவிலே கூடுவதன்று. வேகத்தின் இருமடிப் பெருக்கத்திற்கேற்பக் கூடுவது. காற்றில்லா நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மீது, காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால், மோதும் வேகம் 50 ஆகிறது. தடையோ ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இதனாலேயே போட்டியாளர் கைப்பிடியின் மீது தாழக் குனிந்து, உடலைச் சிறிதாக்கிக் கொள்கின்றனர். இந்நெடுந்தொலைவுப் போட்டியில் மற்றொருவர் பின்னே ஒட்டிச் சென்று காற்றை மறைத்துக் கொள்வதும் விதிக்குப் புறம்பானது. அவரவர் காற்றை அவரவரே தாங்க வேண்டும்.

இங்கே போட்டியாளருக்கு இருபுறமும் இடர் உண்டு. மிதிவண்டிப் பகுதியை முடிக்கக் கால வரம்பு உண்டு. அதற்குள் வாராதவர் ஓடுவதற்கு விடப்படார். அஞ்சி விரைந்து மிதித்தாலோ, கால்களின் வலிமை முழுதும் வழியிலேயே கரைந்துவிடும். ஆதலின் பயின்றவர் எதிர்காற்றில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக் கொள்வர். பிறர் முந்திச் சென்றாலும் மனம் கலங்கார். அவர் அளப்பது வேகத்தை அன்று, தம் முயற்சியை.

வண்டியில் இருந்தவாறே சிறிது சிறிதாக உண்ணுதலும் நீர் அருந்துதலும் இன்றியமையாதவை. உடலில் சேர்ந்துள்ள மாவுச்சத்து நாள் முழுதும் நீடியாது. 2020 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இவ்வுண்மைக்கு நல்ல விளக்கம். அதிலுள்ள வெல்லம் விரைந்து ஆற்றல் தரும். நிலக்கடலையோ மெல்லச் செரித்து நின்று உதவும். பசி எடுக்கும் முன்னரே உண்பதும், நா வறளும் முன்னரே பருகுவதும் நெடுவழி செல்வோர் நெறி.

இந்நெறியின் அருமையை முதற்போட்டியே உணர்த்திற்று. அன்று வண்டியை விட்டு இறங்கி ஓடத் தொடங்கியபோது முன்னின்றவர் ஜான் டன்பர். ஓட்டத்தின் நடுவே அவர்தம் துணைவர் வைத்திருந்த நீர் தீர்ந்துபோயிற்று. அவருக்குப் பருகக் கிடைத்தது மதுவகையாகிய பீரே. பின்னே வந்த கார்டன் ஹாலர் அவரை முந்தி, 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் வென்றார். டன்பர் ஏறத்தாழ 33 நிமிடம் கழித்தே வந்து சேர்ந்தார். ஆயினும் அவர் பாதியில் நின்றாரில்லை. முன்னிலை கைநழுவிய பின்னும் எல்லையைத் தொட்ட அவ்வுறுதி போற்றத்தக்கது.

நடுவழியில் முந்துவது வெற்றியாகாது. இறுதிவரை வேண்டுவனவற்றைக் காத்து வைப்பதே வெற்றிக்கு வழி. கோடையில் கரிசல் மண் வெடித்து, வறண்டு தோன்றும். ஆனால் பெய்த மழையை உடனே இழந்துவிடாமல் உள்ளே ஈரமாகக் காத்து, மழை நின்ற பின்னும் பருத்திச் செடிக்கு ஊட்டும் இயல்பு அதற்கு உண்டு. எதிர்காற்றில் செல்பவர்க்கு அம்மண்ணே நல்லாசான்.