நம் நடமாட்டத்தை நாமே எண்ணுவோம்

வயல் ஒரு வட்டையில், குடியிருப்பு வேறோர் இடத்தில், பதிவு இன்னொரு கிராம சேவகர் பிரிவில். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடல்கோளில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன்பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டுவதற்குத் தடை அறிவிக்கப்பட்டது. சன நெருக்கம் மிகுந்த கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதிகளில் மாற்றுக் காணி தேடுவது பெரும்பாடாயிற்று.

குடும்பப் பதிவு நாம் வசிக்கும் இடத்தைச் சொல்லும். நாளாந்தம் போய் வரும் தூரத்தைச் சொல்லாது. எழுதப்படாத பயணத்துக்கு பஸ்ஸும் வராது, பாதையும் வராது.

மனிதரின் நடமாட்டத்தைக் கணக்கிட்டுப் படிக்க இன்று தரவு விஞ்ஞானம் உதவுகிறது. கைத்தொலைபேசியில் பேசும்போது அழைப்பு எந்தக் கோபுரத்தின் வழியே சென்றது என்பது பதிவாகிறது. இரவில் அடிக்கடி பதிவாகும் இடத்தை வீடு என்றும், பகலில் பதிவாகும் இடத்தைத் தொழிலிடம் என்றும் கொள்ளலாம். ஆட்களை அடையாளம் காட்டாத இத்தகைய பதிவுகளைக் கொண்டு லேர்ன்ஏசியா நிறுவனம் கொழும்பை ஆராய்ந்தது. பகலில் அந்நகரில் இருப்போரில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளியிலிருந்து வருவோர் எனக் கண்டது.

2010 ஜனவரி 12இல் ஹெயிட்டி நாட்டில் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. தலைநகரிலிருந்து ஜனவரி முடிவுக்குள் சுமார் 6,30,000 பேர் வெளியேறினர் என்பதைத் தொலைபேசிப் பதிவுகள் காட்டின. முந்திய நத்தார், புதுவருட நாட்களில் சென்றிருந்த இடங்களுக்கே பலரும் போயிருந்தனர். ஆபத்தில் மனிதர் உறவைத் தேடியே போவர் என்பது நாம் அனுபவத்தில் அறிந்ததுதான். நிவாரணத்தை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்க அந்தக் கணக்கு உதவும்.

ஆனால் இம்முறைக்குக் குறையுண்டு. தொலைபேசி இல்லாத முதியவரும், பாடசாலைப் பிள்ளையும், கணவரின் தொலைபேசியில் பேசும் பெண்ணும் கணக்கில் வரார். ஆகவே நமது கணக்கை நாமே எழுதுவோம்.

செய்முறை:

1. கொப்பியில் ஐந்து நிரல்கள் இடுங்கள்: எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்கு, எதில், என்ன செலவு.

2. விதைப்பில் ஒரு கிழமை, அறுவடையில் ஒரு கிழமை எழுதுங்கள். பெரும்போகத்தில் உள்ள அலைச்சல் சிறுபோகத்தில் இராது.

3. பெண்களின் பயணத்தைப் பெண்களே எழுதட்டும். ஆஸ்பத்திரி, சந்தை, பாடசாலை எதையும் விடாதீர்கள்.

4. பெயர் எழுதாதீர்கள், வீட்டுக்கு ஓர் இலக்கம் போதும். யார் எப்போது எங்கே போகிறார் என்ற விபரம் தவறான கையில் சேர்ந்தால் என்னவாகும் என்பதை யுத்தகாலம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

5. கூட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒரே பாதையால் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையுடன் பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். "எங்களுக்குக் கஷ்டம்" என்பதற்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம். எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கலந்துரையாட:

• வயலுக்குப் போய் வரும் செலவு அறுவடையில் எவ்வளவைத் தின்கிறது?

• தூரத்தின் காரணமாக நம்மில் யார் போவதையே நிறுத்திவிட்டார்? அவரை எப்படிக் கணக்கில் சேர்ப்போம்?